தண்ணீரும் இறங்காதவருக்கு அல்சர் மாத்திரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாயுத் தொல்லை, நெஞ்செரிச்சல், அல்சர் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அவ்வப்போது எழுதுகிறீர்கள். இந்த மூன்று பெயர்களுக்குள் சிக்கி, ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகும் நோய் ஒன்று உண்டு. அகலேசியா என்று பெயர். உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க மறுக்கும் நோய் இது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கமிருந்து இந்த நோயோடு வருகிறவர்களில் பலரிடம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைச் சீட்டுகள் ஒரு பை நிறைய இருக்கும்; விழுங்கும் வழியைப் படம் பிடிக்கும் பேரியம் எக்ஸ்ரே ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

"சோறு நெஞ்சுலயே நிக்குது" என்றுதான் நோயாளி பேச்சைத் தொடங்குவார். உடனே கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் இறங்குகிறதா என்பது. உணவுக்குழாயில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் முதலில் சோறு, இட்லி போன்ற கெட்டி உணவு அடைக்கும், அடுத்துக் குழைந்த கஞ்சி, கடைசியில்தான் தண்ணீர். சில மாதங்களுக்குள் இந்த வரிசை நடந்து முடிந்துவிடும். அகலேசியாவில் இந்த வரிசை கிடையாது. தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் சோறும் அடைக்கும், தண்ணீரும் அடைக்கும். ஒரு நாள் இறங்கும், மறுநாள் இறங்காது. ஐஸ் தண்ணீர் குடித்தால் இன்னும் மோசமாகும்.

இவர்கள் சாப்பிடும் விதமே தனி. கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள். பாதியில் எழுந்து நின்று முதுகை நிமிர்த்துவார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். பந்தியில் கடைசி ஆளாக எழுவார்கள். நாளடைவில் கல்யாண வீட்டில் கை நனைப்பதையே விட்டுவிடுவார்கள். இரவில் படுத்ததும் சாப்பிட்டது வாய்க்குத் திரும்பி வரும். அதில் புளிப்போ கசப்போ இருப்பதில்லை, ஏனென்றால் அது இரைப்பையைத் தொடவே இல்லை. காலையில் தின்ற இட்லியின் துணுக்கு ராத்திரி தலையணையில் கிடக்கும். இந்த எதுக்களிப்பு மூச்சுக்குழாய்க்குள் போனால் நடுராத்திரி இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா.

இருமலும் எடைக் குறைவும் சேர்ந்து வருவதால் சிலருக்குக் காசநோய் என்று சந்தேகம் எழுகிறது. இரைப்பு இருந்தால் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கையில் வருகிறது. சாப்பிட மறுக்கும் இளம்பெண் என்றால் மனக்கவலை என்று முடித்துவிடுகிறார்கள். நெஞ்சுவலி என்று இ.சி.ஜி. எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றதோடு நிற்பதும் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஓரளவு நியாயமான சந்தேகம்தான். ஆனால் விழுங்குவதைப் பற்றி நாலு கேள்வி கேட்டிருந்தால் பாதை மாறியிருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய தாமதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'தொக்கம் நின்னிருக்கு' என்று தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சியோ, குழல் வைத்து ஊதியோ ஒரு பழைய சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டுவார்கள். உணவுக்குழாய் இருப்பது மார்புக்கூட்டுக்குள், இதயத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி. வயிற்றுத் தோலை உறிஞ்சி அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. அன்றைக்குச் சற்று இறங்கியது போலத் தெரிந்தால், அது இந்த நோய்க்கே உள்ள ஏற்ற இறக்கம். அந்த ஒரு நல்ல நாளை நம்பி ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். விழுங்கியதும் அதன் சுவர் மேலிருந்து கீழாக அலையாகச் சுருங்கிக் கவளத்தைத் தள்ளும். அதே நேரம் அடியில் இருக்கும் 3, 4 செ.மீ. நீளச் சுருக்குத்தசை தளர்ந்து இரைப்பைக்கு வழிவிடும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே இருக்கின்றன. அகலேசியாவில் அழிவது அவைதான். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அவற்றைத் தாக்குகிறது என்று கருதப்படுகிறது. காரம் தின்றதாலோ நேரம் தவறிச் சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. மதகு திறக்காத வாய்க்காலில் தண்ணீர் தேங்கிக் கரையை அரித்து அகலமாக்குவது போல, தேங்கிய உணவு ஆண்டுக்கணக்கில் குழாயை விரித்துக்கொண்டே போகும். முற்றிய நிலையில் குழாய் பாம்பு போல வளைந்து நெளிந்துவிடும்.

அரிய நோய்தான். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாக வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 26 லட்சம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியினுடையது ஏறத்தாழ 12½ லட்சம். அப்படிப் பார்த்தால் இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு முப்பது, நாற்பது பேர் புதிதாக வர வேண்டும். ஒரு குடும்ப மருத்துவர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி ஒருவரைப் பார்ப்பார். அதனால் நோய் நினைவுக்கு வராமல் போவதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்தத்தான் எழுதுகிறோம்.

சோதனைகள் மூன்று. முதலில், வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி. அகலேசியாவை உறுதிப்படுத்துவதைவிடப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அது முக்கியம். இரைப்பையின் மேல்வாயில் வளரும் கட்டி அச்சு அசலாக அகலேசியா போலவே நடிக்கும். அறுபதைத் தொட்டவர், நோய் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, எடை மளமளவென்று இறங்குகிறது என்றால் எண்டோஸ்கோபி சந்தேகமில்லாமல் இருந்தாலும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், அகலேசியாவின் தொடக்கத்தில் எண்டோஸ்கோபி முழுக்க இயல்பாகத் தெரியலாம். எண்டோஸ்கோப் அடிவாசலில் லேசாகத் தடைபட்டு, மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். அறிக்கையில் 'நார்மல்' என்றோ 'லேசான புண்' என்றோ எழுதப்பட்டுவிடும். நோயாளி நோயில்லை என்று நம்பி வீட்டுக்குப் போவார். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் நழுவிப் போகிறார்கள். எண்டோஸ்கோபி இயல்பாக இருந்தும் விழுங்க முடியவில்லை என்றால், அடுத்த சோதனைக்கு அனுப்ப அதுவே காரணம்.

இரண்டாவது, பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்ரே. சுண்ணாம்புக் கரைசல் போல வெள்ளையாக இருக்கும் பேரியத்தை நின்றபடி குடிக்கச் சொல்லி, 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுப்பார்கள். நல்ல உணவுக்குழாய் என்றால் முதல் படத்திலேயே அநேகமாகக் காலியாகியிருக்கும். அகலேசியாவில் ஐந்தாவது நிமிடத்திலும் வெள்ளைத்தூண் அப்படியே நிற்கும். அடியில் பறவை அலகு போலக் கூர்ந்து, நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இரைப்பைக்குள் இறங்கும். மேலே சோற்றுத் துணுக்குகள் மிதப்பதும் நிழலாகத் தெரியும். வெள்ளைத்தூண் எத்தனை செ.மீ. உயரம் நிற்கிறது என்பதை எழுதி வாங்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் அதே சோதனையை எடுத்து ஒப்பிட அந்த எண் தேவைப்படும். எக்ஸ்ரே வசதியும் ஒரு கதிரியக்க மருத்துவரும் இருந்தால் போதும், பெரிய செலவு இல்லாத சோதனை இது. இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மேனோமெட்ரி. மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, 5 மி.லி. தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்லி, குழாய் நெடுகிலும் அழுத்தத்தை அளப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. மூக்கில் மரத்துப்போகும் ஜெல் மட்டும். குமட்டும், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். வாசல் தளரவில்லை, மேலே அலையும் இல்லை என்பது இதில்தான் எண்ணாக வெளிப்படும். நோய் மூன்று வகைகளில் எது என்பதும் இதில்தான் தெரியும். குழாய் அசைவே இல்லாமல் கிடப்பது முதல் வகை. முழுக்குழாயும் ஒரே நேரத்தில் அழுந்துவது இரண்டாம் வகை. எந்தச் சிகிச்சைக்கும் நன்றாகப் பலன் தருவது இதுதான். மூன்றாம் வகையில் குழாயின் அடிப்பகுதி இசிவெடுத்து இறுகும். நெஞ்சுவலி அதிகம், வழக்கமான அறுவையில் பலன் குறைவு. சிகிச்சை எது என்று பேசும் முன் வகை எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நரம்பணு அழிந்தது அழிந்ததுதான். அதை மீட்க மருந்து இல்லை. எல்லாச் சிகிச்சையும் அடிவாசலைத் தளர்த்துவதோடு நிற்கின்றன. நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட், நிஃபெடிபின் மாத்திரைகளால் கொஞ்ச நேரம் தளரும், தலைவலி வரும், நாளடைவில் பலன் தேயும். எண்டோஸ்கோபி வழியாக 100 யூனிட் போடாக்ஸை நான்கு பக்கமும் பிரித்துப் போடும் ஊசி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். அறுவையைத் தாங்க முடியாத முதியவருக்கு அது சரி. முப்பது வயதுக்காரருக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் உள்படலமும் தசையும் ஒட்டித் தழும்பாகி, பிறகு அறுவை செய்யும்போது அடுக்கைப் பிரிப்பதே சிரமமாகும்.

அடிவாசலில் பலூனை வைத்து ஊதி விரிக்கும் பலூன் விரிப்பு நல்ல சிகிச்சை. 30 மி.மீ. பலூனில் தொடங்கி, தேவைக்கேற்ப 35, 40 என்று ஏற்றுவார்கள். 2011-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் பலூனையும், வயிற்றில் சிறு துளைகள் போட்டு அடிவாசல் தசையை வெட்டும் நுண்துளை அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு முடிவில் பலூனில் 86 சதவீதம் பேரும் அறுவையில் 90 சதவீதம் பேரும் நன்றாக இருந்தார்கள். பலூனில் 4 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் கிழிந்தது. அறுவையில் 12 சதவீதம் பேருக்கு உள்படலத்தில் துளை விழுந்தது. ஆனால் அறுவையில் விழும் துளை கண்ணெதிரே தெரிகிறது, அங்கேயே தைக்கப்படுகிறது. பலூனில் பலருக்கு மறுபடியும் விரிக்க வேண்டிவரும். ஆண்கள், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகியோரில் பலன் குறைவு.

நுண்துளை அறுவை எப்படி நடக்கிறது என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறோம்.

ஆயத்தம்தான் முதல் படி. கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்தாவதும் இதில்தான். சாதாரண அறுவைக்கு ஆறு மணி நேரம் பட்டினி போதும். அகலேசியாவில் மூன்று நாளுக்கு முன் தின்றதுகூடக் குழாயில் கிடக்கும். மயக்கம் கொடுக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் கதை முடிந்தது. எனவே இரண்டு மூன்று நாள் நீராகாரம் மட்டும். குழாய் நன்றாக விரிந்தவருக்கு அதற்கும் மேல். அறுவை அறையில் நோயாளி விழித்திருக்கும்போதே மூக்குக்குழாய் விட்டுத் தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டு, தலைப்பக்கம் உயர்த்தி, விரைவாகச் சுவாசக்குழாய் செருகுவார்கள். முந்தின இரவு ஒரு இட்லி தின்றிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையைத் தள்ளிப்போடுவது அவமானமில்லை. எண்டோஸ்கோபியில் வெண்திட்டாகப் பூஞ்சைத் தொற்று தெரிந்திருந்தால் அதற்கு முதலில் மருந்து தர வேண்டும். எடை அதிகம் குறைந்தவருக்குச் சில வாரம் சத்து ஏற்றிய பிறகுதான் கத்தி.

வயிற்றில் ஐந்து துளைகள், ஒவ்வொன்றும் 5 முதல் 10 மி.மீ. கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வயிற்றுச் சுவரைத் தூக்கிக்கொள்வார்கள். கல்லீரலின் இடது மடலை ஒதுக்கினால், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளையும் அதற்குள் நுழையும் உணவுக்குழாயும் தெரியும். முன்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வைத் திறந்து, உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தின் மேல் இருக்கும் கொழுப்புத் திட்டை எடுத்துவிட்டு, முன்பக்க வேகஸ் நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். இந்த நரம்பு வெட்டுப்பட்டால் இரைப்பை காலியாவது மந்தமாகும். மார்புக்குள் மேலேறிப் பிரிக்கும்போது நுரையீரல் உறையில் சிறு கிழிசல் விழுந்து வாயு அங்கே புகுவதும் உண்டு. பெரும்பாலும் வாயுவை நிறுத்தியதும் அது தானே கரைந்துவிடும்.

அடுத்து வெட்டு. உணவுக்குழாயில் சுமார் 6 செ.மீ., அங்கிருந்து இரைப்பையின் மேல் 2 முதல் 3 செ.மீ. வெளியடுக்கில் நீளவாக்கில் ஓடும் தசைநார் முதலில் பிரியும். அதன் அடியில் வளையமாகச் சுற்றும் தசை. அதை ஒவ்வொரு நாராகக் கொக்கியால் தூக்கி, உள்படலத்திலிருந்து விலக்கி வெட்டுவார்கள். கடைசி நார் அறுந்ததும் உள்படலம் வெளிர்நீலம் கலந்த வெண்மையில் பிதுங்கிக்கொண்டு எழும். தடிமன் காகிதம் அளவுக்கு. அந்த நிறமும் பிதுக்கமும்தான் சரியான அடுக்கில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். வெட்டிய தசை ஓரங்களை இருபக்கமும் ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்காவிட்டால் தழும்பாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலையில் இரண்டு இடங்களில் சறுக்கல் வரும். ஒன்று, ரத்தக்கசிவு. உள்படலத்தின் மேல் கசியும் சின்ன ரத்தத்தை மின்சூட்டால் பொசுக்கக்கூடாது. துணி வைத்துச் சில நிமிடம் அழுத்தினாலே நின்றுவிடும். சூடுபட்ட இடம் அன்றைக்கு நன்றாகத் தெரியும், சில நாள் கழித்துப் பொத்தலாகும். கண்ணுக்குத் தெரிந்த துளையைவிட இப்படி மறைந்திருக்கும் சூட்டுக்காயம்தான் ஆபத்து. இரண்டு, இரைப்பைப் பக்கம் வெட்டை நிறுத்திவிடுவது. அங்கே தசைநார்கள் சாய்வாக ஓடும், ரத்தம் அதிகம், உள்படலமும் ஒட்டிக்கொண்டு வரும். துளை விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு அஞ்சி ஒரு செ.மீ. இறங்கி நின்றுவிட்டால் வாசல் பாதிதான் திறக்கும். அறுவைக்குப் பிறகும் அடைப்பு தீராதவர்களில் பலருக்கு இந்த அரைகுறை வெட்டே காரணம். வெட்டு முடிந்ததும் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, வாசல் விரிகிறதா என்று பார்த்து, தண்ணீருக்கு அடியில் காற்றூதிக் குமிழி வருகிறதா என்று சோதிப்பது நல்ல வழக்கம். துளை இருந்தால் கரையும் மெல்லிய நூலால் ஒன்றிரண்டு தையல்.

வாசலைத் திறந்துவிட்ட பிறகு அமிலம் மேலேறத் தடை இல்லை. அதற்காக இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து உணவுக்குழாயைச் சுற்றி, முழுச்சுற்று வராமல் மடித்துத் தைப்பார்கள். முன்பக்கம் மூடுவது டோர் மடிப்பு. பின்பக்கமாகச் சுற்றி 270 பாகை வருவது டூப்பே மடிப்பு. முழுச்சுற்றுப் போடக்கூடாது. தள்ளும் அலையே இல்லாத குழாய் அந்த இறுக்கத்தை மீறாது. பழைய நோயே திரும்பி வந்தது போலாகும். மடிப்பு தேவையா என்ற சந்தேகத்துக்கு 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு பதில் சொன்னது. மடிப்பு இல்லாதவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு அமில எதுக்களிப்பு, டோர் மடிப்பு போட்டவர்களில் 9.1 சதவீதம். டோர் மடிப்பு உள்படலத்தின் மேல் போர்வையாகவும் கிடப்பதால், துளை தைத்த இடத்துக்கு அது கூடுதல் காப்பு.

இந்த வெட்டை 1913-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் முதலில் செய்தபோது முன்னும் பின்னுமாக இரண்டு வெட்டுப் போட்டார். முன்பக்கம் ஒன்றே போதும் என்பது பின்னர் தெரிந்தது. நுண்துளை வழியே, அதாவது லேப்ராஸ்கோப்பில், செய்யப்பட்டது 1991-இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில். அதற்கு முன்பெல்லாம் மார்பையோ வயிற்றையோ பெரிதாகத் திறந்துதான் செய்ய வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு இன்னும் நினைவில் இருப்பது அந்தப் பெரிய தழும்புதான். "ஆபரேஷனா? வேண்டவே வேண்டாம்" என்று வீட்டில் எழும் குரலுக்கும் அதுவே காரணம்.

வயிற்றில் துளையே இல்லாமல், எண்டோஸ்கோப்பை வாய் வழியே விட்டு உள்ளிருந்தே தசையை வெட்டும் போயம் முறையை ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கினார். 2019-இல் வந்த ஒப்பீட்டில் இரண்டாண்டு பலன் போயத்தில் 83 சதவீதம், நுண்துளை அறுவையில் 81.7 சதவீதம், ஏறத்தாழ சமம். ஆனால் உணவுக்குழாயில் அமிலப்புண் போயத்தில் 44 சதவீதம், அறுவையில் 29 சதவீதம். மூன்றாம் வகை நோய்க்கு நீளமாக வெட்டத் தேவை இருப்பதால் போயம் பொருத்தம். ஏற்கெனவே இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பவருக்கும், ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டாம் என்பவருக்கும் மடிப்போடு கூடிய அறுவை பொருத்தம் என்பது எங்கள் கருத்து. எதுவானாலும் அதைத் தொடர்ந்து செய்துவரும் கைகளிடம் போவது நல்லது. ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அறுவை முடிந்த அன்றைக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் மிச்சமிருக்கும் வாயு செய்யும் வேலை, இரண்டு நாளில் போய்விடும். குமட்டலுக்கு முன்கூட்டியே ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அடக்க முடியாத வாந்தி புதுத் தையலைப் பிய்த்துவிடும். மறுநாள் பல மருத்துவமனைகளில், எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலைக் குடிக்கச் சொல்லி ஒழுக்கு இல்லை என்று பார்த்த பின்பே வாய்க்குத் தண்ணீர். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு. வீட்டில் கவனிக்க வேண்டியவை: காய்ச்சல், படபடவென்று நாடித் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் நெஞ்சுவலி, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு. இதில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். துளை விழுந்து ஒழுகும் உணவுக்குழாய் மணிக்கணக்கில் மோசமாகும்.

முதல் சில நாட்கள் வடித்த கஞ்சி, இளநீர், நீர்மோர், பருப்புத் தண்ணீர். பிறகு இரண்டு வாரம்வரை குழைந்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி, மசித்த காய். உள்ளே வீக்கம் இருப்பதால் முதல் வாரங்களில் கொஞ்சம் தட்டுப்படும்; அறுவை பலிக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். பரோட்டா, பன், சப்பாத்தி போன்ற மாவுப் பண்டங்கள் உருண்டையாகித் தங்கும். நார் நாராகும் ஆட்டுக்கறியும் அப்படியே. நம் கடலோர வீடுகளில் சொல்ல வேண்டியது, முள் மீன். முள் எடுத்த மீனாக இருந்தாலும் சில வாரம் தள்ளிவையுங்கள். சோடா, கூல்டிரிங்க்ஸ் கூடாது. ஏப்பம் விடுவதே சிரமமாக இருக்கும். பெரிய மாத்திரையை எழுதிக் கொடுத்தால் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லா மாத்திரையையும் உடைத்துச் சாப்பிடலாம் என்பதில்லை. வலை இழுப்பது, கரும்புக் கட்டு தூக்குவது, சிமெண்ட் மூட்டை சுமப்பது இவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் விடுப்பு வேண்டும். துளை வழியே குடலிறக்கம் வரலாம், மடிப்பும் மார்புக்குள் நழுவலாம். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை பலருக்கு. அறுவைத் தேதியை மீன்பிடித் தடைக்காலத்திலோ அறுவடை முடிந்த பிறகோ வைக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் மருத்துவமனையில் ஒத்துழைப்பார்கள். எடை கரைந்துகொண்டிருப்பவர் மட்டும் தள்ளிப்போடக்கூடாது.

வாசல் திறந்தாலும் தள்ளும் அலை திரும்பி வராது. இனி உணவு தன் கனத்தால்தான் இறங்க வேண்டும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, இடையிடையே தண்ணீர் குடித்து, சாப்பிட்ட உடன் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, கட்டில் தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுப்பது என்பது ஆயுள் வழக்கம். அறுவைக்கு முன் பலன் தராத அமில மாத்திரை, அறுவைக்குப் பிறகு நெஞ்செரிச்சல் இருந்தால் உண்மையிலேயே தேவைப்படும். நெஞ்செரிச்சலே இல்லாமலும் புண் வரலாம் என்பதால் எண்டோஸ்கோபி பார்த்து முடிவு செய்வது நல்லது. நீண்ட காலத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குச் சற்றுக் கூடுதல். புகையிலையை அறவே விட வேண்டும்.

நலம் எப்படி இருக்கிறது என்று அளக்க எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. அடைப்பு, எதுக்களிப்பு, நெஞ்சுவலி, எடைக் குறைவு என்ற நான்குக்கும் 0 முதல் 3 வரை போட்டுக் கூட்டினால் அதிகபட்சம் 12. மூன்றும் அதற்குக் கீழும் இருந்தால் சிகிச்சை பலித்தது. அறுவைக்கு முன் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள். ஏறத் தொடங்கினால் பேரியம் எடுத்து முன்பு நின்ற உயரத்தோடு ஒப்பிட வேண்டும். அரைகுறை வெட்டு, இறுகிய மடிப்பு, தழும்பு என்று காரணம் எதுவானாலும் பலூனோ போயமோ மறு அறுவையோ செய்ய வழி இருக்கிறது. குழாய் முழுக்க வளைந்து வேலை செய்யாமல் போன சிலருக்கு மட்டும் குழாயையே எடுக்க வேண்டிவரும். அந்த நிலையைத் தவிர்க்கத்தான் இத்தனை சொல்கிறோம்.

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இரைப்பை குடல் மருத்துவம், இரைப்பை குடல் அறுவை இரண்டுக்கும் தனித் துறைகள் இருக்கின்றன. பரிந்துரைச் சீட்டோடு முதலில் மருத்துவத் துறைக்குப் போவது சரியான வரிசை. கடலூர், சிதம்பரம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலிருந்தும் பரிந்துரை வாங்கலாம். தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ ஆயுஷ்மான் அட்டையோ இருந்தால், சேரும் நாளுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த அறுவையின் பெயரைச் சொல்லி என்னென்ன அதில் அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் செலவு தனியாக வரலாம்.

பொது மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமில மாத்திரையை எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எதுக்களிப்பு தீரவில்லை, தண்ணீரும் தட்டுகிறது என்றால் மாத்திரையின் பிராண்டை மாற்றாமல் எண்டோஸ்கோபிக்கும் பேரியத்துக்கும் எழுதுங்கள். கண்ணீர் வராமல் அழும் குழந்தைக்கு விழுங்குவதிலும் சிரமம் என்றால் அட்ரினல் சுரப்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது, அட்ரினல் குறை தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு நிற்காமல் அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். உணவுக்குழாயில் எத்தனை செ.மீ., இரைப்பையில் எத்தனை செ.மீ. வெட்டப்பட்டது, எந்த மடிப்பு, உள்படலத்தில் துளை விழுந்து தைக்கப்பட்டதா, வேகஸ் நரம்பு தெரிந்ததா என்பவை அதில் இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான். பேரியப் படங்களையும் மேனோமெட்ரி அறிக்கையையும் அதே உறையில் போட்டு, மடிக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
இரைப்பை குடல் அறுவைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்,
புதுச்சேரி.